கருப்புக்கு நான் எங்கய்யா போவேன்?

மூணு மாசமா ஒரு ஞாயித்துக்கிழமை விடாம வீடு பாக்குறேன். கடைசியில குரோம்பேட்டையில ஒரு பழைய ஃபிளாட் புடிச்சுப்போச்சு. 900 சதுர அடி, ரெண்டாவது மாடி, சமையக்கட்டு ஜன்னலைத் தொறந்தா வேப்பமரம். விலை 75 லட்சம். தாய்ப்பத்திரம், 30 வருஷ வில்லங்கம் எல்லாம் பாத்து வக்கீலும் சரின்னுட்டார். வீட்டுல சாமி படம் மாட்ட செவுரு வரைக்கும் முடிவு பண்ணியாச்சு.

அட்வான்ஸ் பேச உக்காந்தோம். ஓனர் பெரியவர். நெத்தியில விபூதி, கையில ஃபில்டர் காபி. டம்ளரை நீட்டிக்கிட்டே சொல்றார்: "தம்பி, பத்திரத்துல 49 லட்சம், அது வெள்ளை. மீதி 26 கருப்பு, கையில குடுத்துடுங்க."

அது என்ன கணக்கு 49? பத்திரத்துல 50 லட்சத்தைத் தொட்டா வாங்குறவன் ஓனருக்குக் குடுக்குற பணத்துலேருந்து 1 சதவீதம் டிடிஎஸ்னு வரி புடிச்சு அரசாங்கத்துக்குக் கட்டணும். அதைத் தவிர்க்கத்தான் 49. பத்திரப் பதிவுக்கு அரசாங்கம் வெச்சிருக்குற வழிகாட்டி மதிப்பும் அதுக்குள்ளதான் இருக்காம். எவ்வளவு நுணுக்கம் பாருங்க!

புரோக்கர் என் தோளைத் தட்டுறார். "பத்திரச் செலவு உங்களுக்குத்தானே சார் மிச்சம்?" ஆமாய்யா மிச்சம். 75க்கு 9 சதவீதம்னா ஆறே முக்கால் லட்சம், 49க்கு 4.41. ரெண்டேகால் லட்சம் சொச்சம் லாபம். ஆனா பேங்க்காரனுக்குப் பத்திரத்துல இருக்குறதுதானே விலை? 75ன்னு எழுதினா 80 சதவீதம், 60 லட்சம் லோன் கெடைக்கும். பத்திரச் செலவையும் சேத்து நான் 22 லட்சம் பொரட்டினா போதும். 49ன்னு எழுதினா லோன் 39 லட்சம்தான். வெள்ளையில மீதி, கருப்பு 26, பத்திரச் செலவு எல்லாம் கூட்டினா என் கையில 40 லட்சம் இருக்கணும். ரெண்டே கால் மிச்சம் புடிக்க பதினெட்டு லட்சம் கூடத் தேடணுமாம்!

சம்பளம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வரியைப் புடிச்சுடுறான். என் பணம் பூரா வெள்ளைய்யா, சலவைக்குப் போட்ட மாதிரி வெள்ளை. 26 லட்சத்தை மஞ்சப்பையில போட்டுக் கொண்டுவர நான் என்ன மணல் குவாரியா நடத்துறேன்? வீடு விக்கிறவங்க 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது, வாங்கினா அதே தொகை அபராதம்னு 2015லேருந்து சட்டமே இருக்கு. இதைச் சொன்னதும் ரெண்டு பேரும் என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, பந்தியில உக்காந்துக்கிட்டு ஸ்பூன் கேட்டவனைப் பாக்குற மாதிரி.

நாளைக்கு நான் 90க்கு வித்தா? நெஜ லாபம் 15. பத்திரப்படி 41. ஓனர் கட்டாத வரியையும் சேத்து நான் கட்டணும். இதைக் கேட்டதுக்கு புரோக்கர் ஒரு நொடி கூட யோசிக்கல.

"அப்ப நீங்களும் கருப்புல வாங்கிக்கோங்க சார்."

எழுந்து வந்துட்டேன். காபி பாதி அப்படியே இருந்துச்சு. வேப்பமரத்தைப் பத்தி வீட்டுல ரெண்டு நாளா யாரும் பேசல. இன்னைக்குக் காலையில மறுபடியும் அதே புரோக்கர் ஃபோன்:

"சார், மடிப்பாக்கத்துல ஒண்ணு வந்திருக்கு. உங்களுக்காகவே பேசி வெச்சிருக்கேன். கருப்பு வெறும் பதினஞ்சுதான்."