மரவள்ளிக்கிழங்கு ஆறு மாதம் கெடாதா?

பினாங்கில் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "போர் வந்தால் அரிசி கிடைக்காது. மரவள்ளிக்கிழங்கை மூட்டையாக வாங்கி வையுங்கள், ஆறு மாதம் கெடாது. ஜப்பான்காரன் காலத்தில் பச்சையாகவே தின்று பிழைத்தார்கள்."

இதில் பாதிதான் உண்மை. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்தார்கள். மலாயா தன் அரிசியில் பெரும்பகுதியை பர்மா, தாய்லாந்திலிருந்துதான் வாங்கி வந்தது. வரத்து குறைந்ததும் ரேஷன் அரிசியும் சுருங்க, கிடைத்த இடத்திலெல்லாம் கிழங்கு நட்டுச் சாப்பிட்டார்கள். அது அவ்வப்போது தோண்டிய கிழங்கு, மூட்டையில் கிடந்ததல்ல.

தோண்டிய மரவள்ளி இரண்டு மூன்று நாளிலேயே கெடத் தொடங்கும். வெட்டிப் பாருங்கள், வெள்ளைச் சதையில் நீலக்கறுப்புக் கோடுகள் ஓடியிருக்கும். பச்சையாகத் தின்பது இன்னும் ஆபத்து, கிழங்கில் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தோலை உரித்து, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். தயவுசெய்து பிள்ளைகளுக்குப் பச்சையாகக் கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், கிழங்கு வயிற்றை நிரப்பும், புரதம் மிகக் குறைவு. அந்தக் காலத்தில் சத்துக்குறைவால் பெரிபெரி (வைட்டமின் பி1 போதாமல் நரம்பையும் இதயத்தையும் தாக்கும் நோய்) பரவியதை மறக்கக் கூடாது.

சேமிக்கத்தான் வேண்டுமென்றால் அரிசி, பருப்பு, உப்பு, டின் மீன், குடிதண்ணீர் போதும். நம் ஊர் ஈரத்துக்கு அரிசியைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பழையதை முதலில் சமைத்து, புதியதை அடியில் போடுங்கள்.