புது விமானம் வரும்போது வரட்டும், அந்த சீட்டை எப்போது சரிசெய்வீர்கள்?

ஒரு பயணிகள் விமானத்தில் சீட்டின் கைப்பிடியில் டேப் சுற்றியிருந்த படத்தை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்த விமான நிறுவனம் கொடுத்த விளக்கத்தையும்தான். போயிங்கின் 777எக்ஸ் என்ற புது விமானங்கள் வரப்போகின்றனவாம், அதுவரை பொறுத்துக்கொள்ள வேண்டுமாம்.

பொறுக்கலாம். ஆனால் ஒரு கைப்பிடியை மாற்ற 777எக்ஸ் எதற்கு?

"தாமதம் போயிங்கால், இவர்கள் என்ன செய்வார்கள்?" என்று வருவீர்கள். தெரியும். 2013-இல் அறிவித்த 777எக்ஸ் 2020-இல் வந்திருக்க வேண்டும், இப்போது 2027 என்கிறார்கள். வேறு பெரிய விமானம் வாங்கலாமென்றால், ஏர்பஸின் ஏ380 தயாரிப்பு 2021-உடன் முடிந்தது. போயிங்கின் கடைசி 747-உம் 2023 ஜனவரியில் ஒரு சரக்கு நிறுவனத்துக்குப் போய்விட்டது. வரிசையில் நிற்கத்தான் வேண்டும், சரி. அதே வரிசையில் மிக அதிக 777எக்ஸ்களுக்குக் காத்திருப்பது எமிரேட்ஸ். அவர்கள் கையைக் கட்டிக்கொண்டா இருக்கிறார்கள்? 2022 கடைசியிலிருந்து பழைய ஏ380களையும் 777களையும் ஒவ்வொன்றாக உள்ளே பிரித்துப் புதுப்பிக்கிறார்கள். அவர்களிடம் பணம் இருக்கிறது என்பீர்கள். இவர்களிடம் இல்லையென்றால் பிசினஸ் வகுப்புக்கு மட்டும் புது சீட் எப்படி வந்தது?

நடுவில், பழைய விமானம் என்றாலே "பறக்கும் சவப்பெட்டி" என்கிற கோஷ்டி வேறு. விமானம் பழையது என்பது என் புகாரே இல்லை. விமானத்தின் உடல் தேய்வது வயதால் மட்டும் அல்ல. ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் உள்ளே காற்றழுத்தம் கூடி, இறங்கும்போது குறைகிறது. அந்தச் சுற்றுகளின் எண்ணிக்கைதான் பெரிய கணக்கு. 1988-இல் நடுவானில் கூரை பிய்ந்த, ஹவாயின் அலோஹா நிறுவன விமானத்துக்கு வயது 19தான். ஆனால் தீவுக்குத் தீவு குட்டிப் பயணம், உப்புக் காற்று, கிட்டத்தட்ட 90 ஆயிரம் சுற்றுகள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பறக்கும் விமானத்துக்கு அத்தனை சுற்றுகள் சேராது. ஒழுங்காகப் பராமரித்தால் பழைய விமானத்தில் நான் நிம்மதியாகத் தூங்குவேன். சீட் சாய்ந்தால்!

சில வருடங்களுக்கு முன்பு அம்மாவோடு ஓர் இரவுப் பயணம். அம்மாவுக்கு முழங்கால் வலி. சீட் சாயவில்லை, தலைக்கு மேல் விளக்கு அணையவில்லை. விமானம் நிரம்பி வழிந்ததால் மாற்று இடமும் இல்லை. பணிப்பெண் நாலைந்து முறை வந்து மன்னிப்புக் கேட்டார். நான் குரலை உயர்த்தியதும் அம்மாதான், "அந்தப் பொண்ணு என்னடா பண்ணும்?" என்று அடக்கினார். இறங்கியதும் புகார் எழுதினேன். என்ன பதில் வந்தது தெரியுமா? புது விமானங்கள் வரப்போகின்றன. அப்போதே!

"சீக்கிரம் ஓரங்கட்டப்போகிற பழைய விமானத்துக்கு எதற்குச் செலவு?" என்பீர்கள். புது வீடு கட்டுகிறோம் என்று இருக்கிற வீட்டின் ஒழுகலை யாராவது அப்படியே விடுவார்களா? அப்புறம், எது சீக்கிரம்? இனி வேண்டாம் என்று 2020-இல் ஒதுக்கிய ஏ380களில் சிலவற்றை ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனம் 2023-இல் திரும்பப் பறக்கவிட்டது.

புது சீட்டுக்குச் சான்றிதழ் வாங்க நாளாகும் என்று ஒரு நண்பர் பாடம் எடுத்தார். நான் புது சீட் கேட்கவில்லை ஐயா, இருக்கிற சீட்டைத்தான் சரிசெய்யச் சொல்கிறேன்.

பின்வரிசையில் இருப்பவர்கள் யார்? வருடக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற வயதானவர்கள். யாரும் படம் எடுத்துப் போடமாட்டார்கள், வந்து சேர்ந்ததே போதும் என்று இறங்கிப் போவார்கள். அந்தப் பொறுமையை நம்பித்தான் டேப் ஒட்டுகிறார்கள்.

டிக்கெட் விலை ஏறிவிடும் என்று பயமுறுத்த வருகிறவர்களுக்கு: டேப் ஒட்டிய சீட்டுக்கு யாருக்காவது விலை குறைத்தார்களா?