மனச்சோர்வு என்றால் ஏஆர்டியை (எச்ஐவி மருந்துச் சிகிச்சையை) நிறுத்துவதா?
“எச்ஐவி மாத்திரைதான் மனச்சோர்வைத் தருகிறது, நிறுத்தினால் சரியாகிவிடும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நிறுத்தாதீர்கள். எஃபாவிரென்ஸ் என்ற பழைய மருந்து சிலருக்குக் கெட்ட கனவும் மனச்சோர்வும் தந்தது நிஜம். ஆனால் 2019-இல் உலக சுகாதார நிறுவனம் டோலுடெகிராவிர் என்ற புதிய எச்ஐவி மருந்தையே முதல் தேர்வாக்கியது. இந்திய ஏஆர்டி மையங்களிலும் இப்போது பெரும்பாலும் அதுதான். (அதிலும் சிலருக்குத் தூக்கம் கெடும். மருத்துவரிடம் சொன்னால் காலையில் போடச் சொல்வார், இல்லையென்றால் மருந்தை மாற்றுவார்.) தானாக நிறுத்தினால் வைரஸ் சில வாரங்களிலேயே மறுபடி பெருகும், மருந்துக்கு எதிர்ப்பும் உருவாகலாம்.

அப்புறம், மனச்சோர்வு வந்தவர்தான் பலநேரம் மாத்திரையைத் தவறவிடுகிறார். ஏஆர்டியைத் தொடர்ந்தபடியே அதற்கும் சிகிச்சை எடுக்கலாம். மனச்சோர்வுக்கான செர்ட்ரலின் மாத்திரையை டோலுடெகிராவிரோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். மூலிகைதானே என்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மட்டும் வாங்கிச் சாப்பிடாதீர்கள், ரத்தத்தில் டோலுடெகிராவிர் அளவை அது குறைத்துவிடும்.