முகம் காட்டாத ஒன்ஸ்-லர்

டாக்டர் சூஸ் எழுதி வரைந்த 'தி லோராக்ஸ்' என்ற சிறுவர் படக்கதையைப் பற்றி நீங்கள் கட்டுரை எழுதியது நல்லது. ஆனால் அதில் மரம் வெட்டும் ஒன்ஸ்-லரை வெறும் வில்லன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. டாக்டர் சூஸ் அந்த ஒன்ஸ்-லருக்குக் கடைசிவரை முகமே வரையவில்லை. பச்சைக் கைகள் மட்டும்தான். என் மகளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தபோது, "மூஞ்சி எங்கப்பா?" என்று பக்கம் பக்கமாகத் தேடினாள். முதல் மரத்தை வெட்டி அதன் மென்மையான குஞ்சத்தில் அவன் பின்னுவது 'த்னீட்' என்ற, உருப்படியாக எதற்கென்றே தெரியாத ஒரு பொருள். மரங்களுக்காகப் பேச வரும் லோராக்ஸோ யாரும் வாங்கமாட்டார்கள் என்கிறது, அடுத்த நிமிடமே த்னீட் விற்றுப்போகிறது! உடனே சொந்தபந்தம் அத்தனையையும் வரவழைத்து ஆலை வைக்கிறான். கடைசி மரம் சாய்ந்ததும் அதே சொந்தங்கள் வண்டியேறிக் கிளம்பிவிடுகின்றன. எனக்குப் பிடித்த பக்கமே அதுதான்.

இன்னொன்றையும் நீங்கள் சேர்த்திருக்கலாம். 1971-இல் வந்த புத்தகத்தில் வட அமெரிக்காவில் அப்போது மாசுபட்டுக் கிடந்த ஈரி ஏரியின் நிலைமையும் மோசம் என்று ஒரு வரி இருந்தது. ஏரி தேறிவருவதைச் சொல்லி அதன் கரையிலுள்ள ஒஹாயோ மாநிலத்திலிருந்து கடிதம் போனதும், சூஸ் பிந்தைய பதிப்புகளில் அதை எடுத்துவிட்டார். 1989-இல் கலிஃபோர்னியாவின் லேட்டன்வில்லில், மரத்தொழிலை நம்பியிருந்த குடும்பங்கள் இந்தப் புத்தகத்தைப் பள்ளியின் கட்டாய வாசிப்புப் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது.

முகம் கிடைக்காமல் மகளே பென்சிலால் வரைந்துவிட்டாள். கண்ணாடி, லேசான தொப்பை. கொஞ்சம் என் ஜாடை.