கொழுந்து லொறி ஏறுகிற பாதையில் பஸ் ஏறாதாம்

மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறுகிற பஸ்ஸிலிருந்து நேற்றும் எங்களைச் சந்தியிலேயே இறக்கிவிட்டார்கள். கடைசி பஸ், நல்ல மழை, ஏழு மணிக்கே கும்மிருட்டு.

"பாதை சரியில்ல, இதுக்கு மேல ஏத்த மாட்டோம், எல்லாரும் எறங்குங்க" என்று கொண்டக்டர் சத்தம் போட்டதும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பழகிப்போய் எழும்பிப் பைகளைத் தூக்கினார்கள். எனக்கு முதல் வயிற்றெரிச்சல் அங்கேதான். டவுன் துணிக்கடையில் காலையிலிருந்து நின்ற காலோடு வந்த பிள்ளைகள், டியூஷன் முடித்து வந்த பொடியன்கள், மாதக் கிளினிக்குக்குப் போய் மருந்துப் பையோடு திரும்பிய பெரியம்மா, அரிசி மூட்டையோடு ஒரு அண்ணன். டிக்கட் எல்லாருக்கும் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கிற டிவிசன் வரைக்கும்தான் போட்டிருந்தது.

"அண்ணே, காலையில இதே பாதையிலதானே எறங்கி வந்தீங்க?" என்றேன்.

"காலையில மழை இல்ல."

"சரி, தேயிலை அரைக்கிற ஸ்டோர் வரைக்கும் கொங்கிரீட் போட்டிருக்கே. ஸ்டோர்ல விடுங்க. அங்கேருந்து நடந்துக்கிறோம்."

"ஸ்டோர்ல திருப்ப எடமில்ல."

"ரெண்டு லொறி ஒரே நேரத்துல திரும்புற முற்றம் அண்ணே அது!"

"எடம் இருக்கு தம்பி, ஆனா அது கம்பனி எடம். போன தடவ வாச்சர் வந்து கத்திட்டான். எங்களுக்கு எதுக்கு வம்பு?"

"அப்ப டிவிசன் வரைக்கும் எதுக்குக் காசு எடுத்தீங்க?"

அதற்குப் பதில் இல்லை. டிரைவர் திரும்பி, "ஸ்பிரிங் ஒடஞ்சா மொதலாளி எங்க சம்பளத்துலதான் வெட்டுவாரு" என்றார். வெட்டுவாராக இருக்கும். அதற்கு நாங்கள் என்ன செய்வது? சர்க்கரை நோயில் கால் மரத்துப்போன பெரியம்மா, "ராசா, ஸ்டோர் வரைக்குமாச்சும் விடு சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். வயதில் தாய்க்கு மூத்த ஒரு மனுஷி, தான் காசு கொடுத்து ஏறிய பஸ்ஸில், கும்பிட்டுக் கேட்கிறார். கொண்டக்டர் படியில் நின்றுகொண்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்கிறார்.

நாங்கள் மழையில் இறங்கி நின்ற அந்த நேரத்தில் பின்னால் ஹோர்ன் அடித்தது. கொழுந்து லொறி. கீழ் டிவிசனில் எடை போட்ட பின்னேரக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்குப் போகிறது. பஸ் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது. லொறி அதே மழையில், பஸ்ஸால் ஏற முடியாது என்று இப்போதுதான் சொன்ன அதே வளைவில், சளைக்காமல் ஏறிப் போனது. பெரியம்மாவையாவது முன்னால் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டினோம். லொறியில் ஆட்களை ஏற்றக்கூடாது என்று ஒபிஸ் உத்தரவு. நிற்கவில்லை.

பெரியம்மாவின் பையை நான் வாங்கிக்கொண்டேன். துணிக்கடைப் பிள்ளை ஒன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டது. போன் வெளிச்சத்தில் ஏறினோம். வழியெல்லாம் என் மனதில் ஓடியது ஒன்றுதான். பறித்த கொழுந்து சாக்கில் கிடந்து சூடேறினால் சிவந்துபோகும், தேயிலையின் தரம் விழும். அதனால் மடுவம் என்கிற கொட்டகையில் எடை போட்ட உடனே அதை ஸ்டோருக்குச் சேர்க்க வேண்டும். அந்த அவசரத்துக்காகத்தான் ஸ்டோர் வரை கொங்கிரீட், மழைக்காலத்துக்கு முன் தண்ணீர் ஓடக் கான் வெட்டு, மண் சரிந்தால் அன்றே ஆள் போட்டு அள்ளுவது. ஸ்டோரைத் தாண்டி, நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்துக்குப் போகும் பாதையில் என் அப்பா காலத்துக் கருங்கல் அப்படியே பல்லைக் காட்டுகிறது. மருந்துப் பையோடு நடக்கும் மனுஷிக்கு அவசரம் இல்லையாம்.

இந்த லட்சணத்தில் போன கிழமை டவுனில் ஒரு கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். நிலைபேறான போக்குவரத்து பற்றி. ஒரு அதிகாரி திரையில் படம் போட்டு, "தோட்ட மக்களில் பெரும்பாலானோர் நடந்தே பயணம் செய்கிறார்கள், சூழலுக்கு அவர்களால் பாதிப்பு மிகக் குறைவு, இது முன்மாதிரி" என்றார். மண்டபம் கைதட்டியது. எனக்கு நாற்காலியைத் தூக்கி அடிக்க வேண்டும் போலிருந்தது.

ஐயா, நாங்கள் நடப்பது சூழலைக் காப்பாற்றவில்லை. நடக்கிறோம், ஏனென்றால் வேறு வழியை எங்களுக்கு எவனும் போடவில்லை. குறுக்குப் பாதையில் அட்டை கடிக்க, குளவிக் கூடு எந்த மரத்தில் இருக்கிறதென்று பார்த்துப் பார்த்து, சிறுத்தை நடமாடுகிற மலையில் பொம்பிளைப் பிள்ளைகள் இருட்டில் ஏறுகிறார்கள். ஒரு விளக்குக் கிடையாது, பிடித்து ஏற ஒரு கம்பி கிடையாது. படி என்று இருப்பது தேயிலை வேரும் சேறும். இதைப் புகழாதீர்கள். நடக்க விருப்பப்பட்டு நடக்கிறவனுக்கும், நடப்பதைத் தவிர வேறெதுவும் இல்லாதவனுக்கும் ஒரே மார்க்குப் போடாதீர்கள்.

இந்த மலையில் மனிதன் எப்படிப் பயணம் செய்கிறான் என்பதை நிலம் யாருடையது என்பதுதான் தீர்மானிக்கிறது. லயம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். வெள்ளைக்காரன் அதைக் கட்டியது விடியற்காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் வந்து சேர வேண்டும் என்பதற்காக. கொழுந்து பறிக்கிற மலைக்குப் பக்கத்தில் லயம், நடுவில் ஸ்டோர், உயரத்தில் தொரையின் பங்களா, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட அங்கேயே பிள்ளைக் காம்பரா, அங்கேயே கோயில். உள்ளே இருக்கிறவன் வெளியே போகத் தேவையே வரக்கூடாது என்று வரைந்த வரைபடம் அது. வெளியே போவது கொழுந்துதான். அதற்குத்தான் ரோடு, அதற்குத்தான் ரயிலும். கோப்பி காலத்தில் 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. பிறகு தேயிலைக்காக மலை ஏறி, 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. பதுளை வரை போய்ச் சேர 1924 ஆனது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஊடாக ராகலை வரை ஒரு சின்ன ரயில்கூட ஓடியது. 1940களில் அதை மூடித் தண்டவாளத்தையும் கழற்றினார்கள். இன்று நுவரெலியா என்ற அத்தனை பெரிய ஊருக்கு ரயில் நிலையமே இல்லை. நானுஓயாவில் இறங்கி பஸ்ஸுக்கோ ஆட்டோவுக்கோ அலைய வேண்டும்.

வரைபடம் அப்படியே இருக்கிறது, ஆனால் வாழ்க்கை மாறிவிட்டது. இன்று தோட்டத்தில் குடியிருப்பவர்களில் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். மற்றவர்களுக்குக் கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கொழும்பு வேலை, எல்லாம் வெளியே. நாளுக்கு நாள் லயத்திலிருந்து டவுனுக்கு இறங்கி ஏறுகிற ஒரு சமூகமாக நாங்கள் மாறிவிட்டோம். பாதை மட்டும் இன்னும் பெரட்டுக்களத்துக்கே போகிறது.

அந்தப் பாதையைச் செப்பனிடச் சொல்லி மனு எடுத்துக்கொண்டு நாங்கள் ஏறி இறங்கிய படிகளைச் சொல்கிறேன், நீங்களும் ஏறியிருப்பீர்கள். தோட்டத்து ஒபிஸில், "நாங்க குத்தகைக்காரங்க, நிலம் அரசாங்கத்தோடது" என்றார்கள். பிரதேச சபையில், "அது தோட்டத்துப் பாதை, எங்க புத்தகத்துல இல்ல" என்றார்கள். மேலே ஒரு அலுவலகத்தில், "எங்கள் பட்டியலில் உள்ள வீதியென்றால்தான் கை வைக்கலாம்" என்றார்கள். நாட்டில் ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சீ, டீ தர வீதிகள் மாகாணத்துக்கு, மிச்சம் பிரதேச சபைக்கு என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். தோட்டத்துப் பாதை அந்தப் பங்கில் எந்த இலையிலும் விழவில்லை. 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்தது. எடுத்தபோதும் கொடுத்தபோதும் பாதையில் நடக்கிறவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், அதன் 33ஆம் பிரிவு. அதைக் காட்டித்தான் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று முப்பது வருடமாகச் சொன்னார்கள். எங்கள் ஓட்டு சபைக்கு வேண்டும், எங்கள் பாதை வேண்டாம். 2018இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதே வருடத் தேர்தலோடு அம்பகமுவ, நுவரெலியா என்று இரண்டாக இருந்த சபைகள் பிரிந்து, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்ற நாலு புதுச் சபைகளும் சேர்ந்து ஆறாகின. நாங்கள் பட்டாசு கொளுத்தினோம். சட்டம் மாறியது, கருங்கல் மாறவில்லை. சபைக்கு இப்போது அதிகாரம் இருக்கிறது, காசு இல்லை என்கிறார்கள்.

வீட்டுத் திட்டத்தைப் பற்றிக் கேட்டால் இன்னும் கொதிக்கும். லயத்தை விட்டு 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு, நல்ல விஷயம், அதற்காக எத்தனை பேர் போராடினார்கள். ஆனால் எந்தக் காணியைக் கொடுத்தார்கள்? எங்கள் பக்கத்தில் கொடுத்தது தேயிலை சரியாக வராத மேட்டு நிலம், பாதையிலிருந்து இன்னும் உயரத்தில். பாதையோரத்து நல்ல நிலத்தில் தேயிலை நிற்க வேண்டுமாம், மனிதன் மேலே ஏற வேண்டுமாம். வீட்டைத் திறந்து வைக்க வந்தவர்கள் ஜீப்பில் வந்தார்கள். பஸ் எங்கே நிற்கும், ஆம்புலன்ஸ் எப்படி ஏறும் என்று அந்த விழாவில் ஒருவரும் கேட்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலில் மலையகத்தின் ரோடும் ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தபோது, ஏற்கெனவே பாதியில் நின்ற பாதைகளுக்கு என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள்.

டவுனும் அப்படித்தான். ஹட்டனைச் சுற்றித் தேயிலை, பள்ளம், ரயில் பாதை. ஊர் விரிய இடமில்லை. அதனால் வங்கி, ஆஸ்பத்திரி, டியூஷன், நகைக்கடை எல்லாம் ஒரே நீளத் தெருவில். மஸ்கெலியாக்காரனும் பொகவந்தலாவைக்காரனும் டிக்கோயாக்காரனும் ஒரே நேரத்தில் அங்கேதான் வந்து முட்டுகிறான். ஒரு பிரதேச செயலகக் கையெழுத்துக்காக அதையும் தாண்டி கினிகத்தேனை வரை போய்ப் பொழுதைத் தொலைத்தவர்கள் எத்தனை பேர். டிவிசனில் ஒரு சின்ன வைத்தியசாலையும் ஒரு கையெழுத்துப் போடுகிற ஆளும் இருந்தால் அந்தப் பயணங்களில் பாதி தேவையே இல்லை.

பஸ் வராத இடத்தில் என்ன நடக்கும்? ஆட்டோ நடக்கும். இரவில் மேலே வர ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். 2024இல் போராடி வாங்கிய நாட்சம்பளமே 1350 ரூபாயாகத்தான் இருந்தது. ஆகவே பொடியன்கள் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுக்கிறார்கள். நல்ல பஸ் இருந்தால் காலத்துக்கும் பஸ்ஸிலேயே போகக்கூடிய பிள்ளை, மாதா மாதம் தவணை கட்ட முடியாமல் முழிக்கிறான். 2022இல் பெற்றோல் இல்லாமல் கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்ற நாட்களில் அந்த மோட்டார் சைக்கிளும் நின்றது, ஆட்டோவும் நின்றது. நாங்கள் பழையபடி நடந்தோம். அந்த அதிகாரிக்கு அந்த வருடம் மிகப் பிடித்திருக்கும்.

கேட்பது பெரிய விஷயமா? முப்பது பேர் ஏறுகிற ஒரு சின்ன பஸ், கடை பூட்டுகிற நேரத்துக்குப் புறப்பட வேண்டும். பஸ் திரும்ப ஸ்டோர் முற்றத்தைத் திறந்துவிட வேண்டும், கொழுந்து இறக்கிய பிறகு அது இரவெல்லாம் சும்மாதான் கிடக்கிறது. டிவிசன் வரையான பாதையைச் சபையின் பேருக்கு எழுதிக்கொடுத்து, செப்பனிடக் காசையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். குறுக்குப் பாதைகளில் ஒழுங்கான படி, கம்பி, நாலு விளக்கு. இனிமேல் வீட்டுக்குக் காணி கொடுத்தால் பாதையோரத்தில் கொடுங்கள், இரண்டு வரிசை தேயிலையைப் பிடுங்கினால் உலகம் அழிந்துவிடாது. அப்போது வந்து நாங்கள் நடப்பதைப் படம் போட்டுக் காட்டுங்கள், நானே முதல் ஆளாகக் கைதட்டுகிறேன்.

பெரியம்மாவை வீட்டில் விட்டபோது கால் இரண்டும் வீங்கியிருந்தது. அடுத்த மாதக் கிளினிக்குக்குப் போக மாட்டேன் என்கிறார். மருந்தை யாராவது வாங்கி வந்தால் போதுமாம். டொக்டர் ஆளைப் பார்க்காமல் எப்படி மருந்து கொடுப்பார்?

தபால் விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது, வாய் திறந்தாகிவிட்டது. எங்கள் லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. வீட்டு இலக்கம் இல்லை, தெருப் பெயர் இல்லை, எல்லாருக்கும் ஒரே தோட்டத்து முகவரி. கடிதமெல்லாம் ஒபிஸில் குவிந்து கிடந்து, யாருக்காவது மனம் வந்தால் மேலே வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அரசாங்க வேலை நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்திருக்கிறது, பரீட்சை முடிந்த பிறகு. போன் பண்ணிக் கேட்டதற்கு, "நாங்கள் உரிய நேரத்துக்கு அனுப்பிவிட்டோம்" என்கிறார்கள். அந்தப் பிள்ளை ஏ.எல். பரீட்சையில் எடுத்த பெறுபேற்றுக்கு நிச்சயம் கிடைத்திருக்க வேண்டிய வேலை. இதைத் தனியாக எழுத வேண்டும். இப்போது எழுதினால் கை நடுங்குகிறது.