நடுவில் ஒரு கழுவல் விட்டுப்போயிற்றே

பல்லின் வேர் சிகிச்சையில் (ரூட் கெனால்) வேர்க்குழாயைக் கழுவ முதலில் சோடியம் ஹைப்போகுளோரைட், கடைசியில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். வரிசை சரி. ஆனால் இரண்டுக்கும் நடுவே என்ன செய்வது என்பதைக் காணோம். பல் மருத்துவ மாணவர்கள் இதை அப்படியே பின்பற்றினால் வம்புதான்.

இரண்டும் சந்தித்த கணமே ஆரஞ்சும் பழுப்பும் கலந்த வீழ்படிவு உண்டாகும். அது பல்லில் கறையாகும், எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினின் நுண்குழல்களை அடைக்கும். பிறகு குழாயை அடைக்க வைக்கும் சீலர் சரியாக உள்ளே இறங்காது. வீழ்படிவில் பாரா குளோரோஅனிலின் என்ற நச்சு இருக்கிறதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் படிவுக்கு வேர்க்குழாய்க்குள் என்ன வேலை?

ஹைப்போகுளோரைட்டோடு இடிடிஏ (EDTA) என்ற இன்னொரு கழுவும் திரவத்தைக் கலப்பது இன்னும் மோசம் என்பேன், ஏனென்றால் அங்கே எச்சரிக்க நிறம் எதுவும் வராது. குமிழி வருவதைப் பார்த்து ‘நன்றாக வேலை செய்கிறது’ என்று மகிழ்பவர்களும் உண்டு! உண்மையில் செயல்படும் குளோரின் மளமளவென்று தீர்ந்துகொண்டிருக்கிறது. திசுவைக் கரைக்கும் திறன் போய்விடும். இடிடிஏ மட்டும் கால்சியத்தைப் பிடிக்கும் தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். நஷ்டம் முழுக்க ஹைப்போகுளோரைட்டுக்கு.

இடிடிஏ, குளோர்ஹெக்சிடின் சேர்ந்தால் வெள்ளைப் படிவு, அதையும் தவிர்க்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவே சலைன் (உப்புநீர்) அல்லது காய்ச்சி வடித்த நீரால் தாராளமாகக் கழுவி, பேப்பர் பாயின்ட்டால் (ஈரம் உறிஞ்சும் காகிதக் குச்சி) ஒற்றி எடுத்துவிட்டு அடுத்ததை விட வேண்டும். சிரிஞ்சும் ஊசியும் தனித்தனி. கட்டுரையில் இதை ஒரு வரியாவது சேர்த்துவிடுங்களேன்.