200 மணி நேரம் போதுமா என்று கேட்டவருக்கு

போன வாரம் கோத்தகிரி மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது தெரிந்தவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "உங்க அக்கா மக பிளேன் ஓட்டப் போயிருச்சாமே, ரொம்ப சந்தோஷம். ஆனா நம்ம நாட்டுல 200 மணி நேரம் ஓட்டினாலே லைசென்ஸ் குடுத்துடறாங்களாமே? அமெரிக்காவுல 1500 மணி நேரம் வேணுமாம். அப்புறம் எப்படிங்க நம்பி ஏறுறது?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. மகனைப் பார்க்க அடுத்த மாதம் விமானத்தில் போகிறார், பயத்தில் கேட்டார். காய்க்கடை முன்னால் நின்று இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருப்பதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

அவர் சொன்ன கணக்கு சரி. இங்கே வணிக விமானி உரிமத்துக்கு, அதாவது சிபிஎல்லுக்கு, மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரமாவது தானே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியது 10 மணி நேரம், இரவில் ஓட்டியது 5 மணி நேரம் இருந்தால் போதும். எல்லாமே பெரும்பாலும் சின்ன விமானத்தில். அப்புறம் ஏர்பஸ்ஸோ போயிங்கோ, எந்த ரக விமானமோ அதற்கான தனிப் பயிற்சியை சிமுலேட்டரில், அதாவது தரையிலேயே இருக்கும் மாதிரி விமானி அறையில், முடித்து, பயிற்சி தரும் கேப்டன் பக்கத்தில் இருக்க, பயணிகளோடு பறந்து பழகி, கடைசியில்தான் துணை விமானி. ஐரோப்பாவிலும் ஏறத்தாழ இவ்வளவு மணி நேரத்தில் துணை விமானியின் வலது பக்க இருக்கைக்கு வந்துவிடலாம். கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் உரிமத்துக்கு நம் நாட்டிலும் 1500 மணி நேரம் வேண்டும்.

அமெரிக்காவின் 1500 எங்கிருந்து வந்தது? 2009 பிப்ரவரி 12 அன்று கோல்கன் ஏர் விமானம் ஒன்று பஃபலோ நகருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். குடும்பங்கள் விடாமல் போராடின. 2010இல் சட்டம் வந்தது, 2013இல் துணை விமானிக்கும் 1500 மணி நேரம் கட்டாயமானது. ராணுவ விமானிகளுக்கு 750, விமானவியல் பட்டம் பெற்றவர்களுக்கு 1000 என்று சலுகை உண்டு.

ஆனால் அந்த விமானத்தில் கேப்டனுக்கு 3,300 மணி நேரத்துக்கு மேல், துணை விமானிக்கு 2,200 மணி நேரத்துக்கு மேல் அனுபவம் இருந்தது. இன்றைய விதி அன்றே இருந்திருந்தாலும் இருவரும் அதே இருக்கைகளில்தான் உட்கார்ந்திருப்பார்கள். விமானம் வேகம் குறைந்து விழப்போகிறது என்று கைப்பிடி அதிர்ந்து எச்சரித்தபோது, வேகம் கூட விமானத்தின் மூக்கைத் தாழ்த்த வேண்டும். கேப்டன் மேலே இழுத்தார். துணை விமானி முந்தைய இரவு முழுக்க நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பயணம் செய்து, சளியோடு வேலைக்கு வந்திருந்தார். அதே வருடம் ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447 கடலில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். அங்கேயும் வேகமானிகள் உறைந்து அளவு தப்பியதும் ஒரு துணை விமானி மேலே இழுத்தார். அவருக்கு 2,900 மணி நேரத்துக்கு மேல், பக்கத்தில் இருந்தவருக்கு 6,500க்கு மேல். அந்த உயரத்தில் தானியங்கி இல்லாமல் கையால் ஓட்ட அவர்களுக்குப் பயிற்சி இருந்ததில்லை.

இதைப் படித்தபோது எனக்கு அப்பாதான் நினைவுக்கு வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் மேட்டுப்பாளையம், கோத்தகிரி, ஊட்டி என்று மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். கீழ்நாட்டில் பதினைந்து வருடம் லாரி ஓட்டிய ஆள் புதிதாக வந்தாலும் தனியாக இறக்கிவிட அப்பா சம்மதிக்க மாட்டார். "அவன் ஓட்டினது அத்தனையும் நேர் ரோடு. இங்க அது கணக்குல வராது" என்பார். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பதை நாங்கள் சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்தோம். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே பிரேக்கையே மிதித்து மிதித்து, அது சூடாகிப் பிடிக்காமல் போய், உருண்ட வண்டிகளில் வெளியூர் வண்டிகள் எத்தனை! ஓட்டியவர்களில் பலர் வண்டியிலேயே வாழ்ந்தவர்கள். அதனால்தான் வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து அந்த வழியாக இறங்கக் கட்டுப்பாடு வந்தது.

அப்பா சொன்ன ஒரு சம்பவம் உண்டு. குஞ்சப்பனைக்கு மேலே, மழை நாள், நிறைந்த பஸ். பழக வந்த பையன் ஒருவன் பக்கத்தில் நின்றிருந்தான், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். "அண்ணா, பிரேக் கருகுற வாடை வருதுங்க, நிறுத்திடலாங்க" என்று சொன்னான். அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, அன்று மூக்கடைப்பு. நிறுத்தினார். பயணிகள் திட்டினார்கள். இறங்கிப் பார்த்தால் பின் சக்கரம் கொதிக்கிறது. அப்பா இன்றைக்கும் அந்தப் பையனைப் பற்றிப் பேசினால் குரல் மாறும். அவன் மட்டும் 'இவர் பெரிய டிரைவர், நான் எப்படிச் சொல்வது' என்று வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால்?

2010 மே 22, மங்களூரு. பள்ளத்தாக்கின் விளிம்பில் முடியும் ஓடுபாதையில் இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் 158 பேர் இறந்தார்கள். கேப்டனுக்கு 10,000 மணி நேரத்துக்கு மேல் அனுபவம். 'கோ அரவுண்ட்', அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னதாக விசாரணை அறிக்கை சொல்கிறது. கேப்டன் கேட்கவில்லை. 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. மழை, பின்காற்று, ஓடுபாதையில் பாதி தூரம் தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. 21 பேர் இறந்தார்கள். அங்கேயும் கேப்டனுக்கு 10,000க்கு மேல். அங்கேயும் துணை விமானி 'கோ அரவுண்ட்' சொன்னார்.

இரண்டு விபத்திலும் மணி நேரம் குறைவானவர்தான் சரியாகச் சொன்னார். இதை நான் எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

பனிமூட்டத்தின் முன்னால் அனுபவமும் தோற்கும் என்பதை நமக்கு வெளியூர்க்காரர் சொல்லித் தர வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்தது. 14 உயிர்கள். தேர்ந்த விமானப்படை விமானிகள் ஓட்டியது. திடீரென்று மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்து திசை உணர்வு தப்பியதுதான் காரணம் என்றது விசாரணை. அன்று காப்பாற்றக் கம்பளி தூக்கிக்கொண்டு ஓடிய அந்த ஊர் மக்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் 200 போதுமா? போதாது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் 1500 அதற்கு மருந்து இல்லை. அமெரிக்காவில் உரிமம் வாங்கிய பிள்ளைகள் சின்ன விமானத்தில் பயிற்சி ஆசிரியராகவோ, விளம்பரப் பதாகையை இழுத்துப் பறந்தோ மீதி மணி நேரத்தைச் சேர்க்கிறார்கள். இங்கே அந்த வேலைகளே எத்தனை இருக்கின்றன? எங்கள் அக்கா வீட்டில் பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லாத காலத்தில் அரை ஏக்கரை விற்று, மீதிக்குக் கடன் வாங்கித்தான் பாப்பாவைப் படிக்க வைத்தார்கள். அவள் படித்த பயிற்சிப் பள்ளியில் பாதி விமானங்கள் ரிப்பேரில் நின்றன. 200 மணி நேரம் முடிக்க இரண்டரை வருடம் ஆனது. இரண்டு மாதம் பறக்காமல் உட்கார்ந்துவிட்டு மறுபடி ஏறும்போது கை பழையபடி தடுமாறுகிறது மாமா என்பாள். இன்னும் 1300 மணி நேரம் சொந்தக் காசில் என்றால் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கமே போக முடியாது. பணம் இருப்பவர்கள் மட்டும் தெளிந்த வானத்தில் ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றிக் கணக்கை நிரப்புவார்கள். அப்பா சொன்ன நேர் ரோடுதான் அது.

நான் கேட்பது வேறு. இரவுக்கு 5 மணி நேரம் என்பதைப் பல மடங்கு ஆக்குங்கள். மழைக்காலத்தில், குறுக்குக் காற்றில், பயிற்சி கேப்டனோடு இறக்கிப் பார்க்காத யாரையும் பயணிகளோடு தனியாக அனுப்பாதீர்கள். விமானம் நிலை தவறி விழுவதை சிமுலேட்டரில் மட்டும் காட்டாமல் நிஜ விமானத்திலும் உணர வைத்து, மூக்கைத் தாழ்த்தும் பழக்கத்தைக் கையில் ஏற்றுங்கள். புதுத் துணை விமானியை, போன மாதம் கேப்டன் ஆனவரோடு முதல் வருடம் சேர்த்துப் போடாதீர்கள். முந்தைய இரவு தூங்கினாரா என்று பாருங்கள்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பேத்தி போனில் பேசியபோது எத்தனை மணி நேரம் ஓட்டியிருக்கிறாய் என்று அவர் கேட்கவே இல்லை. "பக்கத்துல உக்கார்றவரு நீ சொன்னா கேப்பாராம்மா?" என்றார்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நிறையப் பேர் கேப்பாங்க தாத்தா" என்றாள். அந்த 'நிறையப் பேர்' எனக்கு உறுத்துகிறது. எல்லோரும் கேட்க வேண்டும். கேட்காத கேப்டனுக்கு எத்தனை ஆயிரம் மணி நேரம் இருந்தாலும் அடுத்த விமானம் தரக்கூடாது. கோ அரவுண்ட் போனதற்காக எரிபொருள் கணக்கைக் காட்டி யாரும் விளக்கம் கேட்கக்கூடாது.

மார்க்கெட்டில் கேட்ட அண்ணா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். பயப்படாமல் போய்விட்டு வாருங்கள். இறங்கும் நேரத்தில் விமானம் சட்டென்று மறுபடி மேலே ஏறினால் கோபப்படாதீர்கள். உள்ளே ஒருவர் சொல்லியிருக்கிறார், இன்னொருவர் கேட்டிருக்கிறார்.